கேப்டனை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களை ஒழுங்காகப் பார்த்தால் அலுவலக நேர்மையைப் பற்றிப் பல பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் அலுவலக விவகாரத்தைக் கொட்டியிருக்கிறார்கள். உள்தணிக்கையிலும், அப்புறம் நிறுவனம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இரண்டாவது வகைக் கடிதங்களுக்குத்தான் அதிக இடம். எழுதியவர்களின் பெயரும் நிறுவனமும் என்னோடு இருக்கட்டும்.

கேள்வி: மேடம், ஒரு பெரிய ஆர்டருக்காக ‘சின்ன விதிவிலக்கு’ ஒன்றில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மேலிடம் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டதாம். எல்லாம் நிறுவனத்தின் நன்மைக்குத்தான் என்கிறார் மேலாளர். போடலாமா?
— நிதிப் பிரிவில் இருக்கும் வாசகி

முதலில் ஒன்று செய்யுங்கள். எந்த விதியிலிருந்து விலக்கு, யாருக்காக, ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்டு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாய்வார்த்தையாக நடமாடும் விதிவிலக்குகளில் பாதி, எழுத்தில் கேட்டவுடன் ‘சரி விடுங்க, வேற வழி பாத்துக்கலாம்’ என்று மறைந்துவிடும்.

இப்போது கதை. அமெரிக்க விண்வெளிக் கதைகளான ஸ்டார் ட்ரெக் வரிசையில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர், 1998 ஏப்ரலில் வந்த ‘இன் தி பேல் மூன்லைட்’. டொமினியன் என்ற எதிரிப் பேரரசோடு போர், மனிதர்கள் இருக்கும் கோள்களின் கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களின் பட்டியலை ஒட்டுகிறார் விண்நிலையத்தின் தலைவர் கேப்டன் சிஸ்கோ. நடுநிலை என்று ஒதுங்கி நிற்கும் ராமுலர்கள் என்ற இனத்தாரைப் போருக்குள் இழுத்தால் பிழைக்கலாம். அதற்கு, டொமினியன் அவர்களைத் தாக்கத் திட்டமிடுகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். உளவு வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட தையல்காரர் காராக்கிடம் போகிறார். உண்மையான ஆதாரம் கிடைக்கவில்லை. சரி, ஆதாரத்தைத் தயாரித்துவிடலாம் என்று முடிவாகிறது.

இந்த இடத்திலிருந்து நான் தாளும் பேனாவுமாகத்தான் பார்ப்பேன். போலி ஆவணம் செய்யத் தெரிந்தவன் கிளிங்கான் என்ற இன்னொரு இனத்தாரின் சிறையில் இருக்கிறான், அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். வந்தவன் குடித்துவிட்டு, மதுக்கூடம் நடத்தும் குவார்க்கைக் கத்தியால் குத்திவிடுகிறான். புகார் பதிவாகக் கூடாது. அதனால் குவார்க்குக்கு லஞ்சம்: நஷ்ட ஈடு, கூடவே இறக்குமதி அனுமதி இல்லாததால் நிறுத்திவைத்திருந்த சரக்குப் பெட்டிகளை விடுவிப்பது. அப்புறம் போலியைப் பதிக்க ஓர் அசல் தரவுத் தண்டு வேண்டும். அதன் விலை 85 லிட்டர் பயோமிமெட்டிக் ஜெல், கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கும் ஆபத்தான பொருள். கடைசியில் ராமுலச் செனட்டர் ரகசியமாக வருகிறார், தண்டைச் சோதிக்கிறார், போலி என்று கண்டுபிடித்துக் கத்துகிறார். திரும்பிப் போகும் வழியில் அவருடைய கலம் வெடிக்கிறது. குண்டு வைத்தது காராக். போலி செய்தவனையும் அவரே தீர்த்துவிட்டார்.

கொலை செய்யலாம் என்று சிஸ்கோ ஆரம்பிக்கவில்லை. ஒரு கைதிக்கு மன்னிப்பு வாங்குவதில் ஆரம்பித்தார். முதலில் வருகிற மூன்று காரியங்களையும் நிறுவனத்து மொழியில் சொல்லிப் பாருங்கள்: பின்னணி பார்க்காமல் ஓர் ஆளை உள்ளே கொண்டுவந்தார்கள், புகாரை அமுக்கினார்கள், தடுத்துவைத்த சரக்கை விட்டார்கள். இதில் எதையாவது நீங்கள் கேள்விப்பட்டதில்லையா? மேலிட ஒப்புதலும் இருந்தது. கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் தலைமையே திட்டத்துக்குத் தலையாட்டியது.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிஸ்கோவைத்தான் பேசுவார்கள். நான் விண்நிலையத்தின் மருத்துவர் டாக்டர் பஷீரைப் பார்ப்பேன். ஜெல் அவர் பொறுப்பில் இருக்கிறது. எதற்கு என்று கேட்கிறார், சிஸ்கோ சொல்ல மறுக்கிறார். ‘அப்படியானால் இந்த உத்தரவு எனக்கு எழுத்தில் வேண்டும்; மருத்துவப் பிரிவுக்கு என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யும் உரிமையும் எனக்கு உண்டு’ என்கிற பொருளில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு நிமிடம்கூட ஓடாத காட்சி. கடைசியில் ஜெல் போய்ச் சேர்ந்ததுதானே என்று கேட்பீர்கள். போய்ச் சேர்ந்தது. அவரைத் தியாகியாக்க நான் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் காற்றில் பேசிக்கொண்டிருந்தபோது, யார் உத்தரவிட்டார் என்பதைக் காகிதத்தில் கேட்டவர் அவர்.

இதற்கு நிஜ உலகத்து ஜோடி ஒன்று உண்டு. சீமென்ஸ் நிறுவனத்தின் லஞ்ச வழக்குகள் 2008 டிசம்பரில் முடிவுக்கு வந்தபோது, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாக அது சுமார் 160 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. எனக்கு அந்தத் தொகையைவிட ஒரு சின்ன விவரம்தான் மனதில் நின்றது. பணம் கொடுக்க ஒப்புதல் தரும் கையெழுத்தை ஆவணத்தின் மேல் போடாமல், ஒட்டிப் பிரிக்கும் சீட்டில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் சீட்டைப் பிய்த்துவிட்டால் ஆள் யாரென்று தெரியாது.

உங்கள் மேலாளர் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார். அவருடைய கையெழுத்து அந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் போடாதீர்கள். இருந்தால், உங்கள் தயக்கத்தையும் எழுதி அதோடு சேர்த்து, கம்ப்ளையன்ஸுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அவர்கள் பதில் வரும்வரை காத்திருங்கள். ஆர்டர் அவசரம் என்பார்கள். அவசரமில்லாத விதிவிலக்கை நான் பார்த்ததே இல்லை.

கேள்வி: அதே கதையைச் சென்ற இதழில் நீங்கள் ஒரு வரியில் குறை சொல்லியிருந்தீர்கள். சிஸ்கோ செய்ததால்தான் ராமுலர்கள் போருக்கு வந்தார்கள், கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. ஒரு குற்றவாளி, ஒரு செனட்டர் என்று கணக்குப் பார்த்தால் அவர் செய்தது சரிதானே?
— சண்டைக்கு வந்தவர்களில் ஒருவர்

கணக்கு உங்களுடையது அல்ல, காராக்குடையது. கதையில் அவரே இதைச் சொல்லி, மலிவான பேரம் என்கிறார். முதலில் ஒரு திருத்தம்: செனட்டரோடு அந்தக் கலத்தில் போனவர்களை விட்டுவிட்டீர்கள். அப்புறம், போலிப் பதிவை நம்பிப் போருக்குப் போன ராமுலச் சிப்பாய்களும் உங்கள் பேரேட்டில் இல்லை. லாபம் வரும் பத்தியை மட்டும் கூட்டுகிற கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

ஆனாலும் நீங்கள் கேட்பது லேசான கேள்வி இல்லை, எழுதியவர்களும் அதை லேசாக விடவில்லை. சிஸ்கோவுக்குத் தண்டனை கிடையாது. முழுக் கதையையும் தன் சொந்தப் பதிவேட்டில் வாக்குமூலம் மாதிரி சொல்லி முடித்துவிட்டு, இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அடுத்து அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு போடுகிறார். சரியென்று முழுசாக நம்பியிருந்தால் அழிப்பானேன்? அலுவலகத்திலும் இதையேதான் பார்க்க வேண்டும். முடிவு சரியா தப்பா என்று பிறகு வாதாடலாம். வாதாடுவதற்குப் பதிவு இருக்க வேண்டும். என்ரான் என்ற பெரிய எரிசக்தி நிறுவனம் கணக்கு மோசடியில் விழுந்த பிறகு அமெரிக்காவில் 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தை அழிப்பவருக்கு 20 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. மூலக் குற்றம் எதுவாக இருந்தாலும் அழிப்பதே தனிக் குற்றம்.

கேள்வி: கூட வேலை செய்யும் நண்பர் பாதுகாப்புச் சோதனை ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தார். நான் அதைச் சரிசெய்துவிட்டுப் பதிவேட்டிலும் எழுதினேன். அவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போய்விட்டது. பேசுவதே இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாமோ?
— தொழிற்சாலை ஷிப்ட் பொறுப்பாளர்

உங்கள் கதையை 1967 பிப்ரவரியிலேயே ஒளிபரப்பிவிட்டார்கள் சார். முதல் ஸ்டார் ட்ரெக் தொடரில் ‘கோர்ட் மார்ஷல்’. பின்னாளில் கேப்டனாகும் கிர்க், இளம் அதிகாரியாக இருந்தபோது தன் நண்பர் ஃபின்னி மூடாமல் விட்ட ஒரு மின்சுற்றைப் பார்க்கிறார். கவனிக்காமல் விட்டிருந்தால் கப்பலே போயிருக்கும். மூடிவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். ஃபின்னி பதவி உயர்வுப் பட்டியலின் அடிக்குப் போகிறார். பல வருஷம் கழித்து, கிர்க்கின் கப்பலிலேயே பதிவேட்டு அதிகாரியாக வந்து உட்காருகிறார்.

பார்த்தீர்களா? மனதில் காந்தல் உள்ளவரின் கையில், அந்தக் கப்பலின் பதிவுகள் முழுவதும். ஒரு புயலின்போது தான் செத்துவிட்டதாக நம்பவைத்து, கிர்க் அவசரப்பட்டுத் தன்னைக் கொன்றதாகக் காட்டும்படி கணினிப் பதிவைத் திருத்திவிட்டுக் கப்பலுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறார். நீதிமன்றத்தில் அந்தக் காணொளியைப் போடுகிறார்கள். கிர்க்கின் விரல் பொத்தானை அழுத்துவது பெரிதாகத் தெரிகிறது. எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஏனென்றால் கணினி பொய் சொல்லாது.

இங்கேயும் கேப்டனை விட்டுவிட்டு, கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக்கைப் பாருங்கள். கணினியைச் சோதித்துப் பார்க்கிறார், கோளாறு எதுவும் இல்லை. அதோடு அவர் நிறுத்தவில்லை. உட்கார்ந்து அதோடு சதுரங்கம் ஆடுகிறார். நண்பனுக்கு விசாரணை நடக்கும்போது விளையாட்டா என்று டாக்டர் மெக்காய் எரிந்து விழுகிறார். அந்தச் சதுரங்கத்தை நிரல் எழுதி வைத்தவரே ஸ்பாக்தான். அவரால் அதிகபட்சம் டிராதான் செய்ய முடியும். இப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயிக்கிறார். அப்படியானால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து தொலைக்காட்சியில் வந்த மிக அழகான தணிக்கைக் காட்சி இது. சந்தேகம் உள்ள பதிவை அந்தப் பதிவைக்கொண்டே சோதிக்காமல், பதில் முன்கூட்டியே தெரிந்த வேறொன்றைக் கேட்டுப் பார்க்கிறார்.

நானும் ஒரு கிடங்கில் தீயணைப்புக் கருவிச் சோதனைப் பதிவேட்டைப் பார்த்தபோது, பல மாதத்துக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். தேதிகளைப் பார்க்கவில்லை, அந்த நாட்களில் கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தாரா என்று சம்பளப் பிரிவின் விடுப்புப் பட்டியலைக் கேட்டேன். பட்டியல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

நீங்கள் எழுதியது சரி. எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த ஷிப்டில் இருப்பவர் தெரியாமலே அதே இடத்தில் நின்றிருப்பார். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: எழுதுவதற்கு முன்னால் நண்பரிடம் ‘இதைப் பதிவு செய்யப் போகிறேன்’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்களா? அது விதியில் இல்லை, மரியாதையில் இருக்கிறது. இன்னொன்று, உங்கள் பதிவேடுகள் இனி அவர் கைக்குப் போகாமல் நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அந்தச் சபலத்துக்கு யாரையும் ஆளாக்கக் கூடாது.

கேள்வி: விற்பனையாளர் ஒருவர் ‘வெறும் மாதிரிதான் மேடம்’ என்று ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனார். விலை அற்பம். இதைக்கூடப் பதிவு செய்ய வேண்டுமா?
— கொள்முதல் பிரிவு வாசகி

1967 டிசம்பரில் வந்த ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ பார்த்திருக்கிறீர்களா? சிரானோ ஜோன்ஸ் என்ற ஊர்சுற்றி வியாபாரி, கொஞ்சினால் கூவும் ஒரு மயிர்ப்பந்து உயிரை மதுக்கூடக்காரனிடம் விற்கப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். அங்கே வரும், கிர்க்கின் கப்பலில் அதிகாரியான உஹுராவுக்கு அது பிடித்துப்போகிறது. உடனே, இது என் மாதிரி, என் இஷ்டம் என்று அவளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறான். ஏன் கொடுத்தான் என்பதையும் ஒளிக்கவில்லை: இந்தப் பெண் நாலு பேரிடம் காட்டினால் அப்புறம் சரக்கு போதாது என்று மதுக்கூடக்காரனிடமே சொல்கிறான். மாதிரி என்ற பெயரில் வரும் எந்தப் பரிசுக்கும் இதைவிட நேர்மையான விளக்கம் நான் கேட்டதில்லை.

உஹுரா அதைக் கப்பலுக்கு எடுத்துப்போகிறாள். அது குட்டி போடுகிறது, குட்டிகள் குட்டி போடுகின்றன. தானியக் கிடங்கு வரை நிறைந்தபோது ஸ்பாக்கின் மதிப்பீடு 17,71,561. ஆகவே பதிவு செய்யுங்கள். ஒரு வரிதானே!

கேள்வி: எங்கள் ஆலையில் சின்னச் சின்ன விபத்துகள். ஒவ்வொன்றுக்கும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடுகிறோம். உற்பத்தி இலக்கு நெருக்கடியில் ஆழமாகப் பார்க்க நேரமில்லை. இதற்கும் உங்களிடம் ஒரு கதை இருக்குமே?
— பாதுகாப்பு அதிகாரி

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். 1967 மார்ச்சில் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’. ஜேனஸ்-6 என்ற கோளில் பெர்ஜியம் என்ற கனிமச் சுரங்கம். ஏதோ ஒரு பூதம் தொழிலாளர்களைக் கருக்கிக் கொல்கிறது. ஐம்பது பேர் வரை இறந்தாயிற்று. தலைமைப் பொறியாளர் வாண்டர்பெர்க்குக்கு வேண்டியதெல்லாம் பூதத்தைக் கொல்வது, சுரங்கத்தைத் திறப்பது. பல கோள்கள் அந்தக் கனிமத்துக்காகக் காத்திருக்கின்றன.

அவர் மேசையில் வழவழப்பான பெரிய உருண்டை ஒன்று அழகுக்கு வைத்திருக்கிறது. ஸ்பாக் அதைக் கையில் எடுத்து என்ன இது என்கிறார். சிலிக்கன் உருண்டை, கீழே லட்சக்கணக்கில் கிடக்கிறது, வியாபார மதிப்பு எதுவும் இல்லை என்று அலட்சியமாகப் பதில் வருகிறது. ஸ்பாக் வாதாடவில்லை. எப்போதிலிருந்து சாவு, அந்தச் சமயத்தில் சுரங்கத்தில் என்ன மாறியது என்று மட்டும் பார்க்கிறார். புதிய தளம் ஒன்றைத் திறந்ததிலிருந்து. அந்தத் தளம் முழுக்க இந்த உருண்டைகள். உடைத்து நொறுக்கியபடி தோண்டியிருக்கிறார்கள்.

அவை முட்டைகள். பூதம், ஹார்ட்டா என்ற தாய்.

ஐம்பது சாவுக்கான காரணம் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கல்லைப்போல உட்கார்ந்திருந்தது. அதை ஏன் யாரும் பார்க்கவில்லை? ‘வியாபார மதிப்பு இல்லை’ என்று முத்திரை குத்திவிட்டதால். உங்கள் ஆலையில் ‘கவனக்குறைவு’ என்பது அப்படி ஒரு முத்திரை. குத்தியதும் கேள்வி முடிந்துவிடுகிறது.

கதை என்பதால் தள்ளிவிடாதீர்கள். சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேரோடு வெடித்ததற்கு முன்பே, முந்தைய பயணங்களிலிருந்து திரும்பி வந்த பூஸ்டர் ராக்கெட்டுகளில், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியாளர்கள் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால், அரிப்பு சகஜம் என்று ஆகிவிட்டது. ஏவுவதற்கு முந்தைய இரவு, பூஸ்டர் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு கடுப்பானது. தொலைபேசியைத் தனியே வைத்துவிட்டு நிர்வாகிகள் கூடினார்கள். அதில் மூத்தவர், பொறியியல் துறைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஏவலாம் என்று பதில் போயிற்று.

நீங்கள் செய்யக்கூடியது: கடந்த விபத்துக் குறிப்புகளையெல்லாம் எடுத்துக் காரணம் என்ற பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, தேதி, இடம், அந்த வாரத்தில் மாறிய பொருள் அல்லது ஆள் அல்லது வேகம், இவற்றை மட்டும் படியுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். இலக்கு நெருக்கடியைப் பற்றி: ஹார்ட்டாவோடு சமாதானமான பிறகு அந்தச் சுரங்கத்தில் உற்பத்தி ஏறியதாகத்தான் கதை முடிகிறது. எழுதியவர்கள் நல்ல மனதோடு முடித்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி நடக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் கடன் ஒப்புதலைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் விடப் போகிறார்கள். அதைச் செய்த குழுவே ‘சோதித்துவிட்டோம்’ என்று சான்றும் கொடுத்துவிட்டது. நான் என்ன கேட்க வேண்டும்?
— இடர் மேலாண்மையில் இருப்பவர்

1968இல் வந்த ‘தி அல்டிமேட் கம்ப்யூட்டர்’ கதையில் டாக்டர் டேஸ்ட்ரோம் தன் எம்-5 கணினியைக் கிர்க்கின் எண்டர்பிரைஸ் கப்பலில் பொருத்துகிறார். எம்-1 முதல் எம்-4 வரை என்ன ஆயின என்று கேட்டால், முழு வெற்றி என்று சொல்ல முடியாது என்கிறார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எம்-5 கப்பலின் சில தளங்களில் மின்சாரத்தை வெட்டுகிறது. ஆளில்லாத இடம், சிக்கனம் என்று டேஸ்ட்ரோமே விளக்கம் தருகிறார். ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்றைச் சுட்டு அழிக்கிறது. அப்போதுதான் நிறுத்தப் பார்க்கிறார்கள், நிறுத்த முடியவில்லை. மின்னிணைப்பைப் பிடுங்கப் போன ஆள் சாகிறான். போர்ப் பயிற்சியில் எக்ஸ்காலிபர் என்ற கப்பலில் இருந்த அத்தனை பேரும் பலி.

செய்தவர், பொருத்தியவர், சோதித்தவர், தப்பு நடந்தபோது சமாதானம் சொன்னவர் எல்லாம் ஒரே ஆள். வங்கிகளின் கணிப்பு மாதிரிகள் (மாடல்கள்) தவறாகப் போகும் இடர் பற்றி அமெரிக்க மத்திய வங்கி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் கூடாது என்றது: செய்தவருக்குச் சம்பந்தமில்லாத, கேள்வி கேட்கும் அறிவும் அதிகாரமும் உள்ள வேறொருவர் சரிபார்க்க வேண்டும். அதனால் ‘சோதித்தது யார்’ என்று கேளுங்கள். முந்தைய பதிப்புகள் என்னவாயின என்று கேளுங்கள். அப்புறம், வாடிக்கையாளர் யாரும் வருவதற்கு முன், நிறுத்தும் பொத்தானை உங்கள் கண்முன்னே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: தரவுக் கசிவு பற்றிய விசாரணையில் ஓர் ஊழியர் தன் வேலை விண்ணப்பத்தில் ஒரு விவரத்தை மறைத்தது தெரியவந்தது. அதை மறைத்தவன் இதையும் செய்திருப்பான் என்கிறார்கள் குழுவில்.
— உள்விசாரணைக் குழு உறுப்பினர்

அப்படியே ‘தி டிரம்ஹெட்’. 1991. கப்பலின் எஞ்சினில் வெடிப்பு, நாசவேலை என்று சந்தேகம், விசாரிக்கப் பெயர்பெற்ற அட்மிரல் சாட்டி வருகிறார். உண்மையான உளவாளி ஒருவன் முதலிலேயே மாட்டுகிறான்; அதனால் அவர்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. அப்புறம் டார்ஸஸ் என்ற இளைஞன். தாத்தா பகை இனமான ராமுலர் என்பதை மறைத்து, நட்பு இனமான வல்கன் என்று விண்ணப்பத்தில் எழுதியவன். பொய்தான். ஆனால் வெடிப்புக்குக் காரணம் ஒரு மூடியில் இருந்த கண்ணுக்குத் தெரியாத குறை என்று பொறியாளர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். நாசவேலையே நடக்கவில்லை! விசாரணை நிற்கவில்லை, இன்னும் பெரிதாகிறது. கேப்டன் பிக்கார்ட்வரை கூண்டில் ஏற்றுகிறார்கள்.

பிக்கார்டின் பேச்சை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு, அங்கே பார்வையாளராக உட்கார்ந்திருந்த அட்மிரல் ஹென்றி. சாட்டி கட்டுமீறிக் கத்த ஆரம்பித்ததும், எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்துவிடுகிறார். விசாரணை அதோடு முடிந்தது.

விண்ணப்பப் பொய்யைத் தனிக் கோப்பில் மனிதவளத் துறைக்கு அனுப்புங்கள். கசிவுக் கோப்பில் கசிவு மட்டும் இருக்கட்டும். எந்தக் கணினியிலிருந்து எப்போது போனது என்பது முடிவாகும்வரை ஆள்பெயர் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: நடந்ததை நாங்கள் நால்வரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் பிரச்சினை வராது என்கிறார் எங்கள் குழுத்தலைவர்.
— வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்

‘தி ஃபர்ஸ்ட் டூட்டி’, 1992. தடை செய்யப்பட்ட வான்சாகசம் ஒன்றைப் பழகும்போது ஒரு மாணவன் சாகிறான். மிஞ்சிய நால்வரும் செத்தவன் மேலேயே பழியைப் போடுகிறார்கள். செயற்கைக்கோள் படம் ஒன்று அவர்கள் சொன்னதோடு ஒத்துவரவில்லை. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு படம் எங்கோ இருக்கும்: நுழைவாயில் பதிவு, அச்சுப்பொறிப் பதிவு, எதுவோ. தலைவர் சொல்வதைக் கேட்காதீர்கள். இன்றே தனியாகப் போய் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சொன்னால் ஏன் ஒரு நாள் என்று கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் புதிய நடத்தை விதித்தொகுப்பு நூறு பக்கத்தைத் தாண்டுகிறது. ஸ்டார் ட்ரெக்கில் வரும் வியாபார இனமான ஃபெரெங்கிகளின் லாப விதிகளே 285தான். எது மேல்?
— குறும்புக்கார வாசகர்

என்ரானின் நெறிமுறைக் கையேடு 64 பக்கம், 2000 ஜூலையில் அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் திவால். ஃபெரெங்கிகள் தேவலை. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதே என்பது அவர்களின் முதல் விதி. அதை அவர்கள் கடைப்பிடித்தார்கள்.

கேள்வி: கிர்க், பிக்கார்ட், சிஸ்கோ. உங்கள் தணிக்கைக் குழுவில் யாரைப் போடுவீர்கள்?

மூவரையும் போட மாட்டேன். தலையிடாக் கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொண்டு வாராவாரம் தலையிட்டவர் கிர்க். பஷீர் நேரம் கொடுத்தால் அவர்.

கேள்வி: தப்பு செய்தவருக்குத் தண்டனையாக ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று போட்டிருக்கிறார்கள். போதுமா?
— மனிதவளத் துறையிலிருந்து

ட்ரிபிள்ஸ் கதையிலேயே பதில் இருக்கிறது. மதுக்கூடத்தில் கிளிங்கான்களோடு அடிதடி. முதல் அடி யார் என்று கிர்க் கேட்டால் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. கடைசியில், அடித்தது தலைமை எஞ்சினியர் ஸ்காட்டி. கேப்டனைத் திட்டியபோது பொறுத்துக்கொண்டவர், கப்பலைக் குப்பை வண்டி என்றதும் கையை ஓங்கியிருக்கிறார். அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று தண்டனை. ஸ்காட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு: தொழில்நுட்பப் பத்திரிகைகள் படிக்க நேரம் கிடைத்துவிட்டதாம். உங்கள் ஆளிடம் உத்தரவைக் கொடுக்கும்போது முகத்தைக் கவனியுங்கள். சிரித்தால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிக்கலாம்.